மூன்று மலை, ஒரே சனம்: கொல்லியா, ஜவ்வாதா, கல்வராயனா?

2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான போன் திரும்பத் திரும்ப வருகிறது. "உனக்குத்தான் அந்தப் பக்கமெல்லாம் தெரியுமே, கூட்டம் இல்லாத மலையா ஒண்ணு சொல்லு. இயற்கையும் இருக்கணும், பழங்குடி மக்களோட வாழ்க்கையும் பார்க்கணும், ரெண்டு நாள்தான் லீவு." ஆத்தூரில் பிறந்தவனுக்கு இது ஒரு தொல்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை. போதாக்குறைக்குப் பெண் எடுத்தது போளூர் பக்கம், அதனால் ஜவ்வாது மலை மாமியார் வீட்டு மலையாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி முடித்த பிறகு, "சரி, அப்ப ஏற்காடே போயிடறோம்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பச்சைமலையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியாகப் போய்ப் பத்து வருஷமாகிறது, பழைய நினைவை வைத்து ஆள் அனுப்பக் கூடாது. ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவில் முடிந்துவிடும் ஒரு நாள் வேலை, அதற்கு யாரும் யோசனை கேட்கத் தேவையில்லை. மிச்சம் மூன்று.

மலைகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். "பழங்குடிக் கலாச்சாரம்" என்று கேட்கிறவர்கள் மனதில் பெரும்பாலும் தலையில் இறகு, கையில் ஈட்டி, வட்டமாக ஒரு நடனம் என்று ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்று மலையிலும் அப்படி எதுவும் கிடையாது. மூன்றிலும் இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளுகிறவர்கள், மலைக்காரர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தான், 2011 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 3.58 லட்சம் பேர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்தார்கள், பெரியண்ணன் ஒரு மலைக்கும் நடுவண்ணன் ஒரு மலைக்கும் சின்னண்ணன் ஒரு மலைக்கும் போனார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது மட்டும் நீங்கள் எந்த மலையில் உட்கார்ந்து கேட்கிறீர்களோ அதைப் பொறுத்து மாறும். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அவர்கள் உங்கள் பெரியப்பா ஊர் ஆட்கள் மாதிரியேதான் இருப்பார்கள். வித்தியாசம் சாப்பாட்டில், கோயிலில், ஊர்ப் பஞ்சாயத்தில், நிலத்தோடு இருக்கும் உறவில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு நாளாவது உட்கார வேண்டும்.

பாதை

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு அது சொர்க்கம், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நரகம். என் அக்கா மகன் 23வது வளைவில் ஆரம்பித்தான், 60 வரை நிறுத்தவில்லை. அன்றைக்குக் காரில் இருந்த எலுமிச்சம்பழம் அத்தனையும் காலி. வயிற்றில் எதையும் போடாமல் ஏறுவதும் தப்பு, நாமக்கல்லில் முட்டை பரோட்டா அடித்துவிட்டு ஏறுவது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இராசிபுரம் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. வாந்தி பயம் உள்ளவர்கள் அதில் ஏறி, காரவள்ளி வழியாக இறங்குவது என் சிபாரிசு, இறங்கும்போது அவ்வளவு தெரியாது. சொந்த வண்டி இல்லை என்றாலும் கவலையில்லை. நாமக்கல், இராசிபுரம், சேலத்திலிருந்து பேருந்து உண்டு. அந்த வளைவுகளில் அரசுப் பேருந்தை ஒடிக்கிற டிரைவரைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதே டிக்கெட் காசுக்குத் தகும்.

ஜவ்வாது மலைக்குப் பல வாசல். போளூரிலிருந்து ஏறலாம், செங்கத்திலிருந்து ஏறலாம், வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஏறலாம், வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம், காவலூர் வழியாகவும் வரலாம். எல்லாப் பாதையும் ஜமுனாமரத்தூரில் வந்து சேரும். சென்னை, பெங்களூர் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் மூன்றில் இதுதான் வசதி. ஏற்றம் கொல்லி மாதிரி செங்குத்து இல்லை, மலை மேல் போய்விட்டோம் என்பதே சில இடங்களில் தெரியாது, காற்று மாறும்போதுதான் உணர்வோம்.

கல்வராயன் பரந்து கிடக்கிற மலை. கள்ளக்குறிச்சி, சேலம் என்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை என்று ஒரு வழி. எங்கள் ஆத்தூர்ப் பக்கமும் வாழப்பாடிப் பக்கமும் கருமந்துறை போகிற வழி. பேருந்து வரும், ஆனால் அது வருகிற நேரம் உங்களுக்குச் சௌகரியமாக இருக்காது. வெள்ளிமலையில் ஒரு மாலை பேருந்தைத் தவறவிட்டு, குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரியின் மூட்டை மேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தவன் நான். இருபது வயசில் அது சாகசம், இப்போது முதுகு ஒத்துழைக்காது. சொந்த வண்டி இல்லாமல் கல்வராயனுக்குக் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள். பெட்ரோலையும் அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், கையில் ரொக்கமும் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

அருவி

இதில் போட்டியே இல்லை, கொல்லிமலைதான். ஆகாய கங்கை சுமார் 300 அடி. அய்யாறு அப்படியே விளிம்பிலிருந்து குதிக்கிறது. ஆனால் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து கீழே ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும், இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும். மூட்டு வலிக்காரர்களை "மெதுவா வாங்க, பரவாயில்லை" என்று அழைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்களைக் கோயிலில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள், ஓடையில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். அல்லது மாசிலா அருவிக்கும் நம்ம அருவிக்கும் கூட்டிப் போங்கள், அங்கே இவ்வளவு படி இல்லை. மழை கொட்டினால் ஆகாய கங்கைக்குப் போக விட மாட்டார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

ஜவ்வாதில் பீமன் மடவு, அமிர்தி. கல்வராயனில் சாலையோரத்திலேயே பெரியார் அருவி, நடந்து போனால் மேகம் அருவி. மேகம் அழகு, நடை கொஞ்சம் கடினம், வழி தெரிந்த உள்ளூர்ப் பையன் ஒருவன் கூட வந்தால் நல்லது. இந்த இரண்டு மலை அருவிகளும் மழையை நம்பியவை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை போனால் "ஆஹா", ஏப்ரலில் போனால் ஈரப் பாறையைப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். குளிரை எதிர்பார்த்துக் கோடையில் வருகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. கொல்லி ஆயிரம் மீட்டருக்கு மேல், அதனால் ஓரளவு தாங்கும். ஜவ்வாதில் காவலூர் 725 மீட்டர்தான், கல்வராயனின் தாழ்ந்த பகுதியான சின்னக் கல்வராயனும் ஏறக்குறைய அந்த உயரம்தான். மே மாதப் பகலில் கீழே 40 டிகிரி என்றால் இங்கே கொஞ்சம் குறைச்சல், அவ்வளவே.

சாப்பாடு, சந்தை

பழங்குடி வாழ்க்கை என்று தேடி வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது கொல்லிமலை சோளக்காடு சந்தைக்கு. பலா, அன்னாசி, மலை வாழை, மிளகு, காபிக் கொட்டை எல்லாம் இருக்கும், ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது முடவாட்டுக்கால். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பாகப் பூனை ரோமம் மாதிரி முடி மூடி, பார்க்க அச்சு அசலாக ஆட்டுக்கால். ரோமத்தைச் சீவி எடுத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் சூப். முட்டி வலி போகுமா என்று சந்தையில் ஒரு பாட்டியிடம் கேட்டேன். "போவும்னுதான் கண்ணு எல்லாரும் வாங்கறாங்க. எனக்கு முட்டி வலி இருக்குது, நான் விக்கறேன், நீ குடி" என்று சிரித்தார். அதைவிட நேர்மையான வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. இப்போது சமவெளி ஊர்களில்கூட ரோட்டோர வண்டிகளில் இந்தச் சூப் கிடைக்கிறது. அந்த அளவுக்குக் கிழங்கைப் பாறை பாறையாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அர்த்தம். ஒரு கப் குடியுங்கள், மூட்டை கட்ட வேண்டாம்.

கொல்லிமலையில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று வகைக்கு வகை ரகம் வைத்திருந்தார்கள். சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபோது மலைச் சரிவெல்லாம் குச்சிக்கிழங்காக மாறிவிட்டது. கிழங்கை நட்டால் வியாபாரி வாசலுக்கே வந்து பணம் தருவான். சாமையை விதைத்தால் அறுத்து, மிதித்து, உரலில் போட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் இடித்தால்தான் ஒரு வேளைச் சோறு. எந்த மகராசி இடிப்பாள்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வந்து செய்த வேலைகளில் விதையைக் காப்பாற்றியது ஒரு பக்கம், உமி நீக்கும் மெஷினைக் கொண்டுவந்தது இன்னொரு பக்கம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிசு. சிறுதானியத்தின் பெருமையைப் பேசுகிற நகரத்து ஆட்கள் (நானும்தான்) அந்த உலக்கையை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும்.

சாமைச் சோறு தட்டில் வேண்டும் என்றால் ஜவ்வாது. அங்கே சாமை இன்னும் வயலில் இருக்கிறது, பொங்கல் கழித்துப் போனால் வீட்டு வாசலில் காய்வதைப் பார்க்கலாம். என் மச்சான் ஜமுனாமரத்தூரில் தெரிந்த ஒரு வீட்டில் சொல்லிவைத்து, சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டார்கள். இலையில் மிச்சம் வைத்த ஒரே ஆள், "கார்ப் கம்மி" என்று சொல்லிக்கொண்டு வந்த என் சென்னை நண்பன்தான். புளி, தேன், சாமை எல்லாம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கடையில் வாங்குங்கள். ரோட்டோரம் குடத்தில் தேனடையைப் போட்டுக் காட்டி விற்கிற தேனை எந்த மலையிலும் வாங்காதீர்கள், அது பெரும்பாலும் வெல்லப் பாகு.

கல்வராயனில் ஓட்டல் சாப்பாட்டை நம்பாதீர்கள். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் கடைகள் உண்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் "தீந்துருச்சுங்க" என்பார்கள். கருமந்துறையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அரசுப் பழப்பண்ணை இருக்கிறது, பழக்கன்று வாங்க ஆசை உள்ளவர்களுக்கு அது ஒரு நாள் வேலை.

பழசு

வரலாற்றுக் கிறுக்கு உள்ளவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கலாம், மற்றவர்கள் தாண்டிப் போங்கள்.

கொல்லிமலையின் ஆள் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. செம்மேட்டில் சிலை இருக்கிறது, ஆடி 18ஐ ஒட்டி அரசு இரண்டு நாள் விழா எடுக்கிறது. அந்த இரண்டு நாளும் மலை மேல் கலை நிகழ்ச்சி, மலர்க் கண்காட்சி, அறப்பளீஸ்வரர் கோயிலில் ஆடிப்பெருக்குக் கூட்டம் எல்லாம் சேர்ந்து 70 வளைவிலும் வண்டி வரிசை கட்டி நிற்கும். திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குப் போங்கள், மலை பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். கொல்லிமலை இன்னும் நாடு நாடாகத்தான் பிரிந்திருக்கிறது: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று. "எந்த ஊருங்க?" என்று கேட்டால் முதலில் நாட்டின் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஜவ்வாது மலைக்கும் பழைய பெருமை உண்டு. செங்கத்து அரசன் நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிற சங்கப் பாட்டு மலைபடுகடாம் 583 அடி நீளத்துக்கு இந்த வட்டாரத்தைத்தான் நடந்து காட்டுகிறது. எங்கே பாறை வழுக்கும், எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள், எந்த ஆற்றோரமாக நடக்க வேண்டும் என்று. பயணக் கட்டுரை எழுதுகிற நாமெல்லாம் இரண்டாயிரம் வருஷம் பிந்திவிட்டோம். ஜமுனாமரத்தூர் பக்கத்துக் குன்றுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியாக வைத்தது, பார்க்கக் குட்டி வீடு மாதிரி. உள்ளூரில் குள்ளர் குகை என்பார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்தார்களாம். கல்லறை என்று சொன்னால் ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, "கல்லறைக்கு எதுக்குத் தம்பி ஓட்டை வைப்பாங்க?" என்று கேட்டார். பலகைக் கல்லில் வட்டமாக வெட்டிய துளையைத்தான் சொன்னார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

கல்வராயனின் பழசு வேறு மாதிரி, அவ்வளவு இனிமையில்லை. நாடு சுதந்திரம் வாங்கின பிறகும் அந்த மலை ஜாகீர்தார்கள் (வரி வாங்கும் உரிமை பெற்ற நிலப்பிரபுக்கள்) கையில் இருந்தது. 1976ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதாவது என் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. எழுதின காலத்தில்கூட மலை மேல் இருந்தவர்கள் ஜாகீருக்கு வரி கட்டிக்கொண்டு இருந்தார்கள். சாலையும் பள்ளிக்கூடமும் மற்ற மலைகளைவிடப் பிந்தி வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது எல்லா டிவியிலும் கல்வராயன் பெயர் அடிபட்டது. செத்தவர்கள் மலையில் இல்லை, கீழே டவுனில், கொன்றது மெத்தனால். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலைமையை விசாரிக்க ஆரம்பித்தது. "அங்க போனா பாதுகாப்பா இருக்குமா?" என்று இன்னும் கேட்கிறார்கள். பகலில் பொது வழியில் போய் வருகிறவர்களுக்கு நான் பார்த்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. தெரியாத காட்டுப் பாதையில் ஆள் துணை இல்லாமல் நுழையாதீர்கள், அது எந்த மலைக்கும் பொருந்தும்.

ஜவ்வாதுக்கும் இப்படி ஒரு காயம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் ஜவ்வாது மலையையும் தருமபுரிப் பக்கத்துச் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர் போன மலையின் ஆட்கள், மரம் வெட்டத் தெரிந்த கை என்பதாலேயே ஏஜெண்டுகள் வலையில் விழுந்தார்கள். அதே மலையில் புலியூரிலிருந்து ஸ்ரீபதி என்ற பெண் 2024ல் சிவில் நீதிபதித் தேர்வில் தேறினார். பிள்ளை பெற்ற கையோடு போய்ப் பரீட்சை எழுதியவர். அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் இரண்டு கதையையும் அதே வாயால் சொல்வார்கள், நீங்கள் கேட்டால்.

ராத்திரி

இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் ஜவ்வாது கட்சி. காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. நகரத்து வெளிச்சம் எட்டாத இடம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் நன்றாகத் தெரியும், அதனால்தான் இந்த இடத்தைப் பிடித்தார்கள். 1972ல் வைத்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு, யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்பதை 1977ல் உலகம் கண்டுபிடித்தபோது காவலூரிலிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். 1986ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அப்போது இந்தியாவிலேயே பெரிசு, செய்தது நம் ஊரில். வாணியம்பாடியிலிருந்து பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு போகிற தூரத்தில் இது இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பொதுமக்களைச் சனிக்கிழமைதான் விடுவார்கள். நேரம், மாதம் எல்லாம் மாறும், கிளம்பும் முன் ஆய்வகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக் காலத்தில் மேகம்தான் தெரியும்: அருவிக்கு நல்ல மாதம் நட்சத்திரத்துக்கு ஆகாது. ஜனவரிக் கடைசி என்றால் இரண்டும் ஓரளவு கிடைக்கும்.

தொலைநோக்கி வாய்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. கோமுட்டேரிப் படகுத்துறை பக்கம் அமாவாசையை ஒட்டிய ஒரு ராத்திரியில் வண்டி விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றோம். என் மகள் ஆறு வயசு, "அப்பா, இவ்ளோ நாளா இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். கல்வராயனிலும் இதே இருட்டு உண்டு. கொல்லிமலையில் ரிசார்ட்டுகளின் கேம்ப் ஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்து ராத்திரியைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன.

தங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொல்லியில் எல்லா விலைக்கும் அறை உண்டு, ஜவ்வாதில் கொஞ்சம், கல்வராயனில் சொற்பம். கொல்லியில் ஒரு விடுதியில் "பள்ளத்தாக்குக் காட்சி" என்று கூடுதல் காசு வாங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்தால் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி. எட்டிக் கழுத்தை வளைத்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்றார் அந்தப் பையன், பொய் சொல்லவில்லை. போட்டோவை நம்பாமல் போய்ப் பார்த்து எடுங்கள், வாரநாளில் அது சாத்தியம்தான்.

யார் எங்கே

முதல் தடவை, வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லாம் உண்டு, இரண்டு நாள், ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்றால் கொல்லிமலை. செவ்வாய், புதன் மாதிரி நாளில். கோயில், அருவி, சந்தை, சூப் என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மலை அது. அதனாலேயே பழங்குடி வாழ்க்கை அங்கே சுற்றுலாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டது. செம்மேட்டைவிட்டு ஏதாவது ஒரு நாட்டுப் பக்கம் நாலு கிலோமீட்டர் நடந்தால்தான் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றிக்கொண்டு, ஏணியை நகர்த்திக்கொண்டிருக்கிற ஆட்களைப் பார்க்க முடியும்.

குழந்தைக்கு ஏழெட்டு வயசு, கேள்வி கேட்கிற ரகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜவ்வாது. கல்திட்டை, தொலைநோக்கி, சாமை வயல் மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் காட்டலாம். வெறும் அருவிக் குளியலுக்கு வருகிறவர்கள் "இங்க என்ன இருக்கு?" என்று அரை நாளில் இறங்கிவிடுவார்கள். இறங்கட்டும்.

கல்வராயனை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. பார்ப்பதற்கு என்று ஒரு பட்டியல் போட்டால் மூன்றில் கடைசி அதுதான். ஆனால் மலை மேல் ஒரு சனம் சுற்றுலாக்காரனைக் கணக்கில் எடுக்காமல் தன் பாட்டுக்கு வாழ்கிறதைப் பார்க்க வேண்டுமென்றால் மிச்சம் இருப்பது அதுதான். அங்கே போகிறவர்கள் கேமராவை உள்ளே வையுங்கள். சில வருஷம் முன்னால் ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார், நல்ல வெயில், நல்ல முகம், நான் போனைத் தூக்கினேன். உள்ளேயிருந்து பேரன் வந்தான், பத்தாவது படிப்பான். "எங்க பாட்டிய எதுக்குண்ணா எடுக்கறீங்க? உங்க பாட்டிய எடுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, "தண்ணி கிடைக்குமா தம்பி?" என்று கேட்டேன். சொம்பில் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டி, "எந்த ஊரு சாமி?" என்றார். ஆத்தூர் என்றதும், "குச்சிக்கிழங்கு இன்னைக்கு என்ன வெலைக்குப் போவுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆத்தூர்க்காரனுக்குக் கிழங்கு விலை தெரியாதா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த கார்த்திகையில் மறுபடியும் அங்கேதான் போகிறேன். இந்தத் தடவை ஏறும் முன் ஆத்தூரில் கிழங்கு விலையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.